இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

பிரபு,

'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். பேனாவை எடுத்ததும் கை தானாக அங்கேதான் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். இந்தக் கடிதத்தைப் பொய்யில் ஆரம்பிக்க மனசு வரவில்லை. 'போனில் சொல்லலாமே' என்பாய். போனில் நான் ஏதாவது ஆரம்பித்தால் நீ, "அம்மா, பாப்பாவ பாரு" என்று குழந்தையின் முகத்தைக் காட்டிவிடுகிறாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கொஞ்ச ஆரம்பித்துவிடுகிறேன். நீ கெட்டிக்காரன்தான். அதனால்தான் உன் பழைய கல்லூரி நோட்டில் எழுதாமல் விட்ட பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். குறுக்கே பேசாமல் கடைசிவரை படி.

நான் உன்னிடமிருந்து ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிவிட்டது. தினமும் நீ கேட்கிற முதல் கேள்வி, "செட் ஆயிட்டியாம்மா?" என்பது. நானும் தினமும், "ஆயிட்டேன் கண்ணு" என்கிறேன். ஆகவில்லை, பிரபு. முதல் பத்து நாள் உடம்பு கனடாவிலேயே இருந்தது. பட்டப்பகலில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தேன். அது சரியாகிவிட்டது. சரியாகாதது வேறு. அடுப்படியில் உப்பு இருந்த இடத்தில் புளி இருக்கிறது. உன் சரோஜா அத்தை தன் கைக்கு வாட்டமாக எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிறாள். மாதக்கணக்கில் இந்த வீட்டைத் தாங்கியவள் அவள். நான் எந்த முகத்தோடு பழையபடி மாற்றி வைப்பேன்? என் வீட்டிலேயே நின்றுகொண்டு, "உப்பு எங்க சரோஜா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். குழாயில் தண்ணீர் விடுகிற நாள்கூட மாறிவிட்டது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றால், "இன்னிக்கி நம்ம தெரு இல்ல, நாளைக்கி" என்று எதிர்வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

காலையில் ஷூ கம்பெனி பஸ் தெருமுனையில் ஆரன் அடிக்கும்போது கால் இன்னும் செருப்பைத் தேடுகிறது. இருபத்துநாலு வருஷம் அந்த பஸ்ஸில் போய் ஷூவின் மேல்தோலைத் தைத்தவள் நான். உன்னிடம் வருவதற்காக வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் ஒரு நடை போய்ப் பார்த்தேன். என் மிஷினில் நாட்றம்பள்ளிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நன்றாகத்தான் தைக்கிறாள், குறை சொல்வதற்கில்லை. லைனில் இருந்தவளுங்க எல்லாம், "கனடாக்காரி வந்துட்டா, இங்கிலீசுல பேசுங்கடி" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். உண்மையில் வேலை கிடைத்திருந்தாலும் என்னால் போயிருக்க முடியாது. ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பதுதான் இந்தக் கடிதம்.

நான் வந்து இறங்கிய அன்று நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. சொல்ல நீ விடவும் இல்லை, நானும் முயற்சி செய்யவில்லை. மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு சரோஜாவின் மகன் சேகர் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். வழியெல்லாம் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தான். காவேரிப்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்த, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். "இன்னாடா?" என்றேன். ஏரியைப் பார்த்தான், டீயைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல, வீட்ல கட்டில எடம் மாத்தியிருக்கோம்" என்றான். பொண்ணு கிண்ணு பார்த்திருக்கிறானோ, அதைச் சொல்லத்தான் தயங்குகிறானோ என்று நினைத்து அவனைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன். ஆம்பூர் நெருங்கியதும் தோல் ஷாப்பு வாசனை வந்தது. ஐம்பத்தாறு வருஷம் இந்தக் காற்றில் இருந்தவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வருவார் என்று நான் படியிலேயே நின்றேன். எழுந்திருக்கவில்லை. நான் ஒரு மாதம் கூடுதலாகத் தங்கிவிட்டேன், அந்தக் கோபம் என்று நினைத்தேன். "இன்னா, தொரைக்கு ரோஷமா? ஒரு மாசம் ஜாஸ்தி இருந்துட்டேன்னு மூஞ்ச தூக்கி வெச்சினு உக்காந்திருக்கியா?" என்று கேட்டேன். அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பையைத் தூக்கி வைக்கிற மாதிரி. "வந்துட்டியா" என்றார். வாயில் ஒரு பக்கம் மட்டும்தான் அசைந்தது. 

சரோஜா உள்ளேயிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் அன்னிக்கே சொல்லிடலாம்னுதான் இருந்தேன் அண்ணி. பிரபுதான் வேணாம்னுட்டான். அண்ணனும் வேணாம்னு தலைய ஆட்டுச்சு" என்றாள். "எப்போ?" என்றேன். "ஆடி மாசம். அம்மனுக்குக் கூழு ஊத்தின மறு வாரம்" என்றாள். நான் வந்து சேர்ந்தது ஐப்பசிக் கடைசி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த நாட்களில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்து உன் வீட்டுக்கு எதிரே இருந்த பூங்காவில் சுற்றிக்கொண்டிருந்தேன். வெயில் இதமாக இருந்தது. இந்த சுகம் அவருக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரத்திலிருந்து அப்பா வீடியோவில் வராமல் குரலில் மட்டும் பேசினார், நினைவிருக்கிறதா? போன் கீழே விழுந்து கேமரா உடைந்துவிட்டது என்றாய். பேச்சுக் குழறியது. "பல்லு புடுங்கியிருக்காங்கம்மா, வாய் வீங்கியிருக்கு" என்றாய். நான் நம்பினேன். "வாயில பாக்கு வெச்சினு பேசறியா?" என்று அவரைக் கேலி செய்தேன். நித்யாவைக் கூப்பிட்டு, "உன் மாமனார் பேசறத கேளு, கொழந்த மாதிரி பேசறாரு" என்றேன். அவளும் சிரித்தாள். அந்தப் பக்கம் அவரும் சிரிக்கிற மாதிரி ஏதோ சத்தம் செய்தார். அது என்ன சத்தம் என்று இப்போது தினமும் கேட்கிறேன். அவர் சிரிக்கும்போது இப்போதும் அப்படித்தான் வருகிறது. நித்யாவுக்கும் தெரியாது என்று நீ சொன்னாய். அதையாவது நம்ப ஆசைப்படுகிறேன்.

அன்று உனக்குப் போன் செய்தேன். நீ அழுதாய். "உன்ன டென்ஷன் பண்ண வேணாம்னுதாம்மா. அப்பாதான் சொன்னாரு, பாப்பாவுக்கு அம்மா வேணும்னு. நித்யா ஆபீசுக்குப் போயிட்டா, கொழந்தைய யாரு பாப்பாங்க? நீ வந்து இன்னா பண்ணப் போற, அத்தை இருக்காங்க, டாக்டரு இருக்காரு" என்றாய். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒன்றையும் சொல்லாமல், "சரி விடு" என்றேன். அதற்கப்புறம் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை. பாப்பா தவழ்ந்தாளா, பல் முளைத்ததா என்று அதையே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் 'சரி விடு' என்றது பெருந்தன்மையால் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். இல்லை. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

உனக்கு அப்போது பத்து வயசு. அப்பா எத்தியோப்பியாவில் ஒரு தோல் ஷாப்பில் டிரம் மேஸ்திரியாக இருந்தார். தோலைப் பதப்படுத்துகிற பெரிய மரப் பீப்பாய்களை ஓட்டுகிற வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம். நடுவில் வந்தால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். நம் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆள் இப்படி ஆப்பிரிக்காவிலோ வங்காளதேசத்திலோ இருந்தார்கள். அவர்களுக்குப் போனில் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது தெருவில் எழுதாத சட்டம். டிரம் பக்கத்தில் நிற்கிறவனுக்கு மனசு கலங்கினால் கை போய்விடும் என்பார்கள். மாடு செத்தால் சொல்லக் கூடாது, கூரை பறந்தால் சொல்லக் கூடாது. குழந்தைக்கு ஜுரம் என்றால் இறங்கிய பிறகு சொல்ல வேண்டும். எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தோம். அதைப் புருஷன்மேல் வைத்த பாசம் என்றுதான் நம்பினோம்.

ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கும்போது உன் தாத்தா மூச்சிரைப்பில் படுத்தார். ஐந்தே நாள். வியாழக்கிழமை விடிகாலையில் போய்விட்டார். பெற்ற பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. "பேரன் கையால வெச்சாலும் போற வழிக்குப் புண்ணியந்தான்" என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். உனக்கு மொட்டை அடித்து, ஈர வேட்டியைக் கட்டிவிட்டு, பாலாற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீ அப்பாவின் இடத்தில் நின்று கொள்ளி வைத்தாய். திரும்பி வந்து, "அம்மா, கை சுட்டுச்சு" என்று மட்டும் சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா போன் செய்வார். பக்கத்து வீட்டு ஷம்ஷாத் ஆப்பா வீட்டில்தான் போன் இருந்தது. அந்த அம்மா மட்டும்தான் என்னைத் தடுத்துச் சொன்னாள். "மௌத்த மறைக்காதம்மா. பெத்த புள்ளைக்குத் தெரிஞ்சிக்கிற ஹக்கு இருக்குது. என் வாயால நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "அப்பா எங்க?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். "கடத்தெருவுக்குப் போயிருக்காரு" என்றேன். "சரி, பையன்கிட்ட குடு" என்றார். நான் உன் தோளைக் கிள்ளி, "தாத்தா தூங்குறாருன்னு சொல்லு" என்று காதில் சொன்னேன். ஏற்கெனவே நான் ஒரு பொய் சொன்னதை மறந்துவிட்டேன். நீயும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அப்படியே சொன்னாய். அந்தப் பக்கம் அவர் சிரித்திருப்பார் போல. "உங்கம்மா கடத்தெருன்றா, நீ தூங்குறாருன்ற?" என்று அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கடத்தெருவுக்குப் போய்ட்டு வந்து தூங்குறாருப்பா" என்றாய்.

எனக்கு அன்று எவ்வளவு பெருமை தெரியுமா? மொட்டைத் தலையைத் தடவி, "என் புள்ள கெட்டிக்காரன்" என்றேன். கருமாதிகூட ஆகவில்லை, தீட்டு வீடு. அந்த வீட்டில் உனக்கு மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தேன். பொய் சொன்னதற்கு இனிப்பு. நீ அதைச் சாப்பிடாமல் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தாய். அதற்கப்புறம் வாராவாரம் நாம் இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டுதான் ஆப்பா வீட்டுக்குப் போனோம். இந்த வாரம் தாத்தா ஆலங்காயத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் முடி வெட்டப் போயிருக்கிறார். அப்பா உன் போட்டோ கேட்டார். உன் மொட்டை வளரும்வரை ஸ்டுடியோக்காரர் ஊரில் இல்லை என்று சொன்னேன்.

அப்பா திரும்பி வந்த அன்று ஸ்டேஷனுக்கு நாம்தான் போனோம். ரயிலில் இருந்து இறங்கியதும் நமக்குப் பின்னால் யாரையோ தேடினார். "அப்பா வரலியா?" என்றார். "வீட்ல இருக்காரு" என்றேன். வழியில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன், பிரபு. ஆட்டோவில் அவர் தாத்தாவுக்காக வாங்கி வந்த வெள்ளைப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே குளிருக்கு இதைத்தான் போர்த்துவார்கள் என்று பேசிக்கொண்டே வந்தார். வாய் வரவில்லை. வாசலில் இறங்கியதும் "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார். சுவரில் மாலை போட்ட படம், அதற்குக் கீழே சிவப்பு பல்பு. காலில் ஷூவோடு நின்றார். அப்புறம் உன்னைப் பார்த்து, "நீயாடா வெச்ச?" என்று கேட்டார். நீ தலையாட்டினாய். உன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என்னை அடிப்பார் என்று பயந்தேன். அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். நாலைந்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, "கணக்கு போட்டு பாத்தேன். இருவத்திரண்டு ஞாயித்துக்கெழம. வாரா வாரம் கேட்டேன். வாரா வாரம் நல்லா இருக்காருன்னு சொன்ன. நானும் சிரிச்சிக்கினு போன வெச்சேன் இல்ல?" என்றார். அவ்வளவுதான். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அவர் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தார். உள்ளூர் ஷாப்பில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பகலெல்லாம் யாரையாவது பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். தாத்தாவைத் தூக்கியது யார் யார், முன்னால் பிடித்தது யார், அன்று மழை பெய்ததா, கடைசியாக என்ன சாப்பிட்டார், தன் பேரைச் சொன்னாரா. ஷம்ஷாத் ஆப்பாவிடம் கேட்டார், சவரக்காரரிடம் கேட்டார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. எனக்குப் பேஜாராகிவிட்டது. புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். "போனவரு போய்ட்டாரு, ஆவறத பாருங்க. நாங்க உங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம்" என்று ஒரு நாள் கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் போன ஐப்பசியில்தான் எனக்குப் புரிந்தது.

ஏனென்றால் இப்போது நான் அதையே செய்துகொண்டிருக்கிறேன். சரோஜா பாவம், ஓயாமல் கேட்டுத் துளைக்கிறேன். எந்தக் கிழமை? எந்தச் சட்டை போட்டிருந்தார்? விழும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? என்னைக் கூப்பிட்டாரா? அவள் ஒரு நாள் தாங்க முடியாமல், "கூப்பிட்டாரு அண்ணி. உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாரு. போதுமா?" என்று கத்திவிட்டாள். போதவில்லை. ஊருக்குத் திரும்பி வருகிறவன் விட்டுப்போன நாட்களைத்தான் முதலில் தேடுகிறான். அவற்றை மறைத்து வைத்துவிட்டு, 'செட் ஆயிட்டியா?' என்று கேட்டால் அவன் எதில் போய் செட் ஆவான்? உன் அப்பாவை நான் ஒரு வருஷம் பைத்தியம் என்று நினைத்தேன். அவர் வீடு திரும்ப வழி தேடிக்கொண்டிருந்தார். வழியை மறித்துக்கொண்டு நின்றவள் நான்.

தையல் மிஷினில் இருபத்துநாலு வருஷம் கற்றதை ஒன்று சொல்கிறேன். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி ஒரு முறை இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? சூப்பர்வைசர் பார்ப்பதற்குள் மெழுகைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, அடுத்தவளிடம் தள்ளிவிடுவோம். ஷூ முழுசாக ஆகி, பெட்டிக்குள் போகிற நேரத்தில் அந்த இடம் கிழியும். தப்புக்காகத் திட்டு வாங்கியதைவிட, மறைத்ததற்காகத்தான் அதிகம் வாங்கியிருக்கிறேன். கம்பெனியில் புரிந்தது வீட்டில் புரியவில்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன், சிரிக்காதே. ஆடியிலேயே நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அடுத்த விமானத்தில் கிளம்பியிருப்பேனா? கிளம்பியிருப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனசுக்குள் அவ்வளவு நிச்சயம் இல்லை. குழாயைத் திருப்பினால் வெந்நீர், யாரும் அதட்டாத காலை, நெஞ்சின்மேல் தூங்குகிற பாப்பா. புரட்டாசியில் வர வேண்டியவள், நீ இன்னும் ஒரு மாதம் இரு என்றதும் வெட்கமில்லாமல் சரி என்றேன். அப்பாவும் போனில் "இருந்துட்டு வா" என்றார். முதல் மூன்று மாதம் கையையும் காலையும் விடாமல் ஆட்ட வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்கிறாள். சரோஜா அண்ணனை அதட்ட மாட்டாள். நான் திட்டியாவது ஆட்ட வைத்திருப்பேன். அல்லது இதே மாதிரிதான் ஆகியிருக்கும். அதை இனி நான் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு உன்மேல் கோபம், பிரபு. வரட்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். எனக்குப் பதில் நீ முடிவு செய்துவிட்டாய். அன்று உன் அப்பாவுக்குப் பதில் நான் முடிவு செய்த மாதிரி.

நாளைக்கு பாப்பா பேச ஆரம்பிப்பாள். போனை அவள் காதில் வைத்து, 'இதைச் சொல்லு, அதைச் சொல்லாதே' என்று சொல்லிக் கொடுக்காதே. நித்யாவிடமும் சொல்லு. குழந்தை வாயால் வருகிற பொய்யைக் கேட்டால் எல்லாருக்கும் சிரிப்பு வரும், அதனால் அது சுலபமாகப் பழகிவிடும். நீ எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் இரு. சாவோ சண்டையோ, வேலை போனதோ, எதுவாக இருந்தாலும் அன்றன்றைக்குச் சொல்லிவிடு. நானும் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் இருப்பவர்கள் அழட்டும். அழுதால் ஒன்றும் ஆகிவிடாது.

இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் இதை எழுத வைத்தது ஞானம் இல்லை, பயம். பொங்கலன்று நீ வீடியோவில் கூப்பிட்டாய். நான் குரலில் மட்டும் பேசி, "கோயிலுக்கு வந்திருக்கோம், டவர் இல்ல" என்றேன். நீயும் நம்பினாய். நாங்கள் கோயிலில் இல்லை. வேலூரில், ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். அன்று காலையில் அப்பாவுக்கு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினேன். புரையேறி மூச்சு நின்று முகம் கறுத்துவிட்டது. சேகர்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் தலையில் இன்னொரு இடத்திலும் அடைப்பு இருக்கிறதாம். "மறுபடியும் வரலாம். எப்போன்னு சொல்ல முடியாது. வந்தா போன தடவை மாதிரி விட்டுட்டுப் போகாது" என்றார் டாக்டர். மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். விழுங்க முடியவில்லை, எல்லாவற்றையும் கரைத்துத்தான் கொடுக்கிறோம்.

"பிரபுவுக்கு அங்கயே நெலையா தங்கறதுக்கு பி.ஆர். வர்ற நேரம் அண்ணி. இப்போ போய் சொன்னா பையன் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவான். அது கைக்கு வரட்டும், அப்பறம் சொல்லு" என்றாள் சரோஜா. அவள் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. எல்லாம் தெரிந்து, இவ்வளவு பட்ட பிறகும் எனக்கு அது நியாயமாகப் பட்டது. கோயில், டவர் இல்லை என்று என் வாய் அன்று எவ்வளவு லாவகமாகப் பேசியது பார்த்தாயா? நேற்று இந்த நோட்டைத் தேடி எடுத்து நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியது அதனால்தான். 'உன்னை வரச் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் எழுதுகிறேன்' என்று எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

இன்று காலை அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து முடித்து, எழுதியதை முதலிலிருந்து படித்துக் காட்டினேன். இந்த வீட்டில் இனி அவருக்குத் தெரியாமல் எதுவும் போகக் கூடாது என்றுதான். தாத்தாவைப் பற்றி எழுதிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். மக்கன் பேடா என்றதும் ஒரு பக்கத்து உதடு அசைந்தது. சிரித்தாரா, அழுதாரா, எனக்குப் பிடிபடவில்லை. கடைசி வரியைப் படித்ததும் வலது கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்தார். "அத... அடி" என்றார். "எத?" என்றேன். "வர வேணாம்னு... எழுதினத." முப்பத்தைந்து வருஷமாக, இருந்துட்டு வா, பார்த்துட்டு வா, நான் இருக்கேன் என்றே சொல்லிப் பழகியவர். பேனாவை எடுத்து அவர் கண் முன்னால் அந்த வரியை அடித்தேன். பிடியை விடவில்லை. எச்சிலைக் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, வியர்த்துப் போய்ச் சொல்லி முடித்தார்.

"வரச் சொல்லு."

வந்துவிடு, பிரபு.

அம்மா